ஒரு ரீல்கூட வராத படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, தைலம் தேய்த்தால் குறைகிறது, தேய்க்க மறந்தால் திட்டு எனக்கு விழுகிறது. போனில் நீ “சாப்பிட்டீங்களாப்பா” என்பாய், நான் “ஆச்சும்மா, இரு அம்மாகிட்ட கொடுக்கிறேன்” என்பேன், இருபது வருடமாக நம் பேச்சு இவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன். ஒற்றை விரலால் தட்டுகிறேன், மூன்று நாளாகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், பேரன் லீவுக்கு வந்தபோது இந்த டேப்லெட்டில் சின்னச் சின்னக் கார்ட்டூன் படங்களாக ஒரு வரிசை போட்டு வைத்துவிட்டுப் போனான் இல்லையா, “தாத்தா, எல்லாம் ஷார்ட் ஃபிலிம், ரொம்ப நேரம் ஓடாது, தூங்காம பாருங்க” என்று. ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவனுக்குப் பத்து நிமிஷப் படம் என்றாலே நியூஸ் ரீல் ஞாபகம்தான் வரும். படப்பெட்டி வரும்போதே அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் டப்பாவும் வந்துவிடும், அதைப் போடாமல் மெயின் படத்தைப் போடக்கூடாது என்பது அப்போது சட்டம். டிக்கெட் வாங்கினவன் எல்லாம் வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்பான், உள்ளே அணைக்கட்டுத் திறப்பு விழாவைக் காலி பெஞ்சுகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒருநாள் கரண்ட் போய் டிவி இல்லாத நேரத்தில்தான் திறந்தேன். பழக்க தோஷம், முதலில் கணக்குத்தான் போட்டேன். பிலிம் ஓடுவது நிமிஷத்துக்கு 90 அடி, 8 நிமிஷப் படம் என்றால் 720 அடி, ஆயிரம் அடி ரீல் ஒன்றுகூட நிறையாது. நான் மெஷினில் மாட்டி, வெளிச்சத்துக்கான கார்பன் குச்சியைச் சரிபண்ணி, டீயை ஊதி வாயில் வைப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். இதற்குள் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் பார்த்தது ‘பாவ்’. உங்கள் ஊர்ப் படம், 2018-இல் வந்தது, டொராண்டோவில் நடக்கிறது, ஓரிடத்தில் நீ போட்டோவில் அனுப்புவாயே அந்த சி.என். டவர்கூடத் தெரிகிறது. ஒரு சீன அம்மா கொழுக்கட்டை மாதிரி ஒன்றை மடித்து மடித்து வேகவைக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், “மடிப்பு நல்லா வருது இவளுக்கு” என்றாள். அந்தப் பெண்ணின் புருஷன் தட்டில் இருப்பதை அள்ளிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வேலைக்கு ஓடுகிறான். “நீங்கதான்” என்றாள். சரி, இருக்கட்டும்.

கடைசிக் கொழுக்கட்டைக்கு உயிர் வந்துவிடுகிறது. கை கால் முளைத்துக் குழந்தை மாதிரி அழுகிறது. அவள் அதைத் தூக்கி வளர்க்கிறாள், பஸ்ஸில் கூட்டிப்போகிறாள், பேக்கரி பன்னை இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்கிறார்கள். அது வளர்கிறது, பந்து விளையாடப் போகிறேன் என்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிறது, ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கூட்டி வந்து பெட்டியைக் கட்டுகிறது. இவள் வாசலை மறிக்கிறாள், இழுக்கிறாள், பிடித்துத் தள்ளுகிறாள், கடைசியில் வேறு வழி தெரியாமல் அதை வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள். நான் அப்படியே திடுக்கிட்டுப் போனேன். அம்மா வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “சரியாத்தான் செஞ்சா” என்றாள்.

இதை எடுத்த டோமி ஷி சின்னப் பிள்ளையிலேயே சீனாவிலிருந்து டொராண்டோவுக்குப் போனவராம். “உன்னை மறுபடியும் என் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, அப்போதாவது நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும்” என்று அவருடைய அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாராம், படத்தின் கரு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அந்த அம்மாவையே படத்தைத் தயாரித்த பிக்ஸார் கம்பெனி ஆபீசுக்கு வரவழைத்து, மாவை எப்படிப் பிடித்து எப்படி மடிப்பது என்று படம் வரைகிறவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்காரும் வாங்கியது. ஆஸ்கார் விவரத்தை அம்மா காதில் வாங்கவில்லை, வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் பேச்சுக்கு மட்டும் “எல்லா ஊரிலும் அதேதான்” என்றாள்.

விழுங்கினதற்குப் பிறகு வருகிற காட்சிதான் என்னால் மறக்க முடியாதது. கொழுக்கட்டைப் பிள்ளை எல்லாம் கனவுதான், நிஜ மகன் வந்து, கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பழைய பேக்கரி பன்னை நீட்டுகிறான். மன்னிப்பு கேட்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை, படம் முழுக்கவே ஒரு வசனமும் கிடையாது. இரண்டு பேரும் வாய் நிறைய மென்றுகொண்டே அழுகிறார்கள். எத்தனையோ வெள்ளிவிழாப் படத்தில் அம்மாவும் பிள்ளையும் பிரிந்து சேர்வதைத் தினம் நாலு ஷோ ஓட்டியவன் நான், அதிலெல்லாம் அழுவதற்கு முன்னால் ஒரு பக்க வசனம் இருக்கும், அழுத பிறகு ஒரு பாட்டு இருக்கும். இங்கே ஒரு பன்தான்.

‘பைப்பர்’ என்று கடற்கரைப் பறவைக் குஞ்சுப் படம் ஒன்று, 2016. பேரனுக்கு ரொம்பப் பிடித்ததாம். அலையைக் கண்டு பயப்படுகிற குஞ்சு, வாயில் ஊட்டாமல் நீயே தேடித் தின்னு என்று நிற்கிற தாய். நன்றாகத்தான் இருக்கிறது, இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல வரைந்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அவ்வளவு பளபளப்பு இருந்தால் மனசு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அவனிடம் இதைச் சொல்லாதே.

அடுத்தது ரஷ்யப் படம், 1975-இல் யூரி நோர்ஷ்டெய்ன் எடுத்தது. ஒரு முள்ளெலி, ராஸ்பெரி ஜாமைத் துணியில் முடிந்துகொண்டு, தன் நண்பன் கரடியோடு உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணுவதற்குப் போகிறது. தினமும் போகிற வழிதான், அன்றைக்கு மூடுபனி. பனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது, அது தூங்கினால் பனியில் மூச்சு முட்டிவிடாதா என்று யோசித்துக்கொண்டே இறங்கிப் போய் வழி தவறிவிடுகிறது, ஜாம் மூட்டையும் தொலைந்துபோகிறது. நாய் ஒன்று மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது, ஆற்றில் விழுந்தால் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ ஒருத்தர் முதுகில் ஏற்றிக் கரையில் விடுகிறார். அந்த யாரோ யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்தப் பனியை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. பேரன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான். ரொம்ப மெல்லிசான தாளைக் காட்சிக்கு மேலே வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமரா பக்கம் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள், தாள் உயர உயரக் கீழே இருப்பது மங்கி வெளுத்துவிடும். கம்ப்யூட்டர் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் தாள்.

நான் சொல்ல வந்தது கரடியைப் பற்றி. முள்ளெலி ஒருவழியாக வந்து சேர்ந்ததும் கரடி மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுகிறது: கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ பதிலே சொல்லவில்லை, டீ போடுகிற சமோவாரைச் சூடு பண்ணி வைத்தேன், பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டேன், நீ இல்லாவிட்டால் யாரோடு நான் நட்சத்திரம் எண்ணுவது என்று. முள்ளெலி பேசாமல் உட்கார்ந்திருக்கிறது, அதன் மனசு இன்னும் பனிக்குள் நிற்கிற குதிரையிடமே இருக்கிறது. நீ பத்தாவது படிக்கும்போது ஒருநாள் டியூஷன் முடிந்து மழையில் எட்டரை மணிக்கு வந்தாயே, அம்மா துண்டால் உன் தலையைத் துவட்டிக்கொண்டே அரை மணி நேரம் திட்டினாள், நீ எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாய். திமிர் என்று நினைத்து நானும் என் பங்குக்கு இரண்டு போட்டேன். முள்ளெலியின் முகத்தைப் பார்த்தபோது அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வழியில் நீ எந்தக் குதிரையைப் பார்த்தாய்? நான் கேட்கவே இல்லை.

‘ஏக் அநேக்’ உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வலையோடு பறந்துபோகிற குருவிகள், எலி வந்து வலையைக் கடிப்பது. 1974-இல் விஜயா முலே பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்தது, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூர்தர்ஷனில் அடிக்கடி போடுவான், நமக்கு ஒரு எழுத்து இந்தி தெரியாது, நீ மட்டும் பாட்டை அப்படியே பாடுவாய். “அப்பா, உங்க கொட்டகையிலே குருவிப் படம் போடுங்க” என்று ஒரே அடம். டப்பா என் கையில் இல்லை, இருந்தாலும் முதலாளி விடமாட்டார் என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அதுவும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. நீதான் அவனிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறாய், தெரியும்.

கடைசியாக வைத்திருந்தான் ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’. அம்மா தூங்கின பிறகு தனியாகப் பார்த்தேன், அப்புறம் மூன்று தடவை பார்த்தேன். மைக்கேல் டூடோக் டி விட் என்கிற நெதர்லாந்துக்காரர் 2000-இல் எடுத்தது. ஒரு அப்பாவும் சின்னப் பெண்ணும் தண்ணீரை ஒட்டின கரை மேட்டில் சைக்கிளில் வருகிறார்கள். படகு நிற்கிறது. அப்பா அவளிடம் விடைபெற்று இறங்கிப் போகிறார், போனவர் திரும்ப மேலே ஓடி வந்து அவளைத் தூக்கி இன்னொரு தடவை அணைத்துக்கொண்டுவிட்டுப் போகிறார். படகில் ஏறிப் போனவர் வரவே இல்லை. அவ்வளவுதான் கதை. அவள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், எதிர்க்காற்றில் வருகிறாள், சிநேகிதிகளோடு வருகிறாள், புருஷன் பிள்ளைகளோடு வருகிறாள், கிழவியாகி வருகிறாள். அப்போது சைக்கிளை நிறுத்துகிறாள், அது சாய்ந்து விழுகிறது, தூக்கி நிறுத்துகிறாள், மறுபடியும் விழுகிறது, கடைசியில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கிப் போகிறாள். தண்ணீர் வற்றிப் புல் முளைத்திருக்கிறது, நடுவில் அந்தப் படகு புதைந்து கிடக்கிறது, அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். அப்புறம் எழுந்து ஓடுகிறாள், ஓட ஓட வயது குறைகிறது, அப்பா நிற்கிறார். ஒரு முகம்கூடச் சரியாகத் தெரியாது, எல்லாம் நிழலும் கோடும்தான்.

எனக்கு முடிவைவிட அந்த ஆரம்பம்தான். 2004-இல் நீ கிளம்பின அன்றைக்கு நான் சென்னைக்கு வரவில்லை. புதுப்படம், மாற்று ஆள் இல்லை என்று சொன்னேன். ஆள் இருந்தார். “அண்ணே, போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்று இரண்டு தடவை சொன்னார். விசா வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாய், அம்மாவுக்கு முன்னாடியே தெரியும், அந்தக் கோபம் எனக்கு. அன்றைக்கு இரண்டாம் ஆட்டத்தில் உன் பிளேன் கிளம்புகிற நேரத்தை மணிக்கட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரீல் மாற்றச் சொல்லி மூலையில் புள்ளி வருமே, அதைக் கோட்டைவிட்டேன், திரை வெள்ளையாகிவிட்டது. விசில், நாற்காலியைத் தட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கை நகரவில்லை. படம் அறுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். கொட்டகை இடிந்து கல்யாண மண்டபம் ஆனபிறகும் இதை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் தெரியாது.

அதற்கப்புறம் நீ எத்தனையோ தடவை வந்து போய்விட்டாய். வாசலில் வேன் ஏறும்போது கை காட்டுவதோடு சரி, மாப்பிள்ளை இருக்கிறாரே என்று விட்டுவிடுவேன். அடுத்த தடவை கூப்பிட ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். திரும்பிப் போகும்போதும் வருகிறேன். நீங்கள் உள்ளே போனதும் உடனே நடையைக் கட்டிவிடாதே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நில்.

பேரனிடம் இன்னும் நாலைந்து படம் அனுப்பச் சொல். ஏழரைக்குள் முடிகிற மாதிரி இருக்கட்டும், அதற்குமேல் அம்மாவின் சீரியல். அந்தச் சீனக் கொழுக்கட்டைக்கு உள்ளே வைப்பது கறியா காயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், போனில் அவளிடமே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா