ரா கோப்புகள்: டிஸ்க் நிரம்பிவிட்டது

வணக்கம் தம்பிமார், தங்கச்சிமார்.

கல்லடி வகுப்புக் கணினிகளில் மறுபடி இடமில்லை. பிடித்து வைத்திருப்பவை, மின்சுற்றுகளைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் மென்பொருளான எல்டிஸ்பைஸ் எழுதும் ரா (.raw) என்ற முடிவுக் கோப்புகள்தான். அவற்றை அழிக்கப் பயப்பட வேண்டாம். சுற்றுப்படம் ஏஎஸ்சி (.asc) கோப்பில் இருக்கிறது, திரும்ப ஓடவிட்டால் ரா தானாக வரும். ஏஎஸ்சியை மட்டும் தொடாதீர்கள்.

சும்மா விட்டால் மென்பொருள் எல்லா முனைகளின் மின்னழுத்தத்தையும் பாகங்களின் மின்னோட்டத்தையும் ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் எழுதும். நேரத்துக்கு 8 பைட், மற்ற ஒவ்வொன்றுக்கும் 4 பைட். 50 அலைவடிவம், பதிவான புள்ளி 10 லட்சம் என்றால் 208 எம்பி. நாம் பார்ப்பதோ இரண்டு மூன்று கோடு.

ஆகவே சுற்றுப்படத்திலேயே சேவ் (.save) கட்டளை போட்டு, வெளியீட்டு மின்னழுத்தம், சுருளின் மின்னோட்டம் என்று வேண்டியதை மட்டும் கேளுங்கள். விட்டுப்போன முனையைப் பிறகு பார்க்க முடியாது, யோசித்துப் போடுங்கள். பக் கன்வெர்ட்டர் (டிசி மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று) செய்கிறவர்களுக்கு இன்னொன்று: 10 மில்லிசெக்கன் ஓட்டத்தில் நிலைபெற்ற கடைசிப் பகுதிதான் தேவையென்றால், ஓடும் நேரத்தைக் குறிக்கும் டிரான் (.tran) கட்டளையில் சேமிப்புத் தொடக்கத்தை 9 மில்லிசெக்கன் என்று கொடுங்கள். ஓடும் நேரம் குறையாது, ஆனால் கோப்பு நன்றாகச் சிறுக்கும்.

பிளாட்வின்சைஸ் (plotwinsize) 0 என்ற அமைப்பு ரா கோப்பின் சுருக்கத்தை நிறுத்திவிடும், கோப்பு பெருக்கும். எஃப்எஃப்டிக்காக (அலைவடிவத்தில் உள்ள அதிர்வெண்களைப் பிரித்துப் பார்ப்பது) அதைப் போட்டால், முடிந்ததும் கட்டாயம் நீக்கிவிடுங்கள்.

குழுவில் ரா அனுப்ப வேண்டாம், பலர் கார்டு போட்டுத்தான் டேட்டா பாவிக்கிறார்கள். ஏஎஸ்சியும், வெளியிலிருந்து எடுத்த மாடல் கோப்பு இருந்தால் அதுவும் போதும்.

வெள்ளி பின்னேரம் ரா எல்லாவற்றையும் அழிக்கிறேன். வேண்டியதை அதற்கு முன் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.