அங்கீகாரம் போகப்போகிறதாமே? ஜார்ஜியாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளி மாவட்டத்துக்கு (ஒரே போர்டின் கீழ் உள்ள பள்ளிகள் எல்லாம் சேர்ந்தது) அங்கீகாரம், அதாவது பள்ளிகள் ஒழுங்காக நடக்கின்றன என்ற சான்று, போகப்போகிறதாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி சுற்றினாலே பதறிவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இந்த மடல். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், கம்மிங், சுவானி என்று அட்லாண்டாவைச் சுற்றி வீடு தேடும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது பள்ளியைத்தான். எத்தனை ஏ.பி. (கல்லூரி அளவுப் பாட) வகுப்பு, ரேட்டிங் எவ்வளவு என்று அலசி ஆராய்கிறோம். அந்தப் பள்ளியை நடத்தும் கவுண்டி போர்டில், அதாவது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவில், யார் இருக்கிறார்கள் என்பதோ, போன மாதக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதோ நம்மில் பலருக்கும் தெரியாது. ஆனால் ஜார்ஜியாவில் அங்கீகாரம் ஆட்டம் கண்ட பெரிய வழக்குகளை எடுத்துப் பாருங்கள். கோளாறு வகுப்பறையில் தொடங்கவில்லை, போர்டு மேசையில் தொடங்கியது. நாம் கண் வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

இந்த அங்கீகாரத்தைத் தருவது அரசு அல்ல, லாபநோக்கற்ற ஒரு தனியார் அமைப்பு. பழைய ஆட்கள் அதை இன்னும் சாக்ஸ் (SACS) என்பார்கள். பிறகு அட்வான்ஸ்எட் என்று பெயர் மாறி, 2019 முதல் காக்னியா. தலைமை அலுவலகம் ஆல்ஃபரெட்டாவிலேயே இருக்கிறது.

கிளேட்டன் கவுண்டியில் நடந்ததை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. அட்லாண்டா விமான நிலையத்தை ஒட்டிய கவுண்டி அது. 2008 பிப்ரவரியில் சாக்ஸ் ஒன்பது நிபந்தனைகள் விதித்து, செப்டம்பர் 1-க்குள் நிறைவேற்றாவிட்டால் அங்கீகாரம் ரத்து என்றது. அந்த நிபந்தனைகளில் சில: போர்டு ஒழுங்காக இயங்க வேண்டும், வெளியாட்களின் தலையீடு நிற்க வேண்டும், கணக்குகளைத் தடயவியல் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும், மாணவர் வருகைப் பதிவேடுகளைத் தணிக்கை செய்ய வேண்டும், உறுப்பினர்கள் அந்தக் கவுண்டியிலேயே குடியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், நிரந்தரக் கண்காணிப்பாளரை, அதாவது சூப்பரின்டென்டென்டை, நியமிக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் பின்தங்கியதற்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 28 அன்று, ஒன்பதில் ஒன்றுதான் நிறைவேறியிருக்கிறது என்று சொல்லி அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள். அன்றே ஆளுநர் சோனி பெர்டூ நான்கு போர்டு உறுப்பினர்களைப் பதவி நீக்கினார். ஒரு மாவட்டம் சாக்ஸ் அங்கீகாரத்தை இழப்பது பல பத்தாண்டுகளில் அதுவே முதல்முறை என்று அப்போது பேசப்பட்டது. 2009 மே 1 அன்று, பன்னிரண்டாவது பிள்ளைகள் பட்டம் வாங்குவதற்குச் சற்று முன், தகுதிகாண் நிலையில், அதாவது கண்காணிப்புக்கு உட்பட்டு, அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதற்குள் வெளியேறியிருந்தார்கள்.

பிள்ளைகள் வெளியேறினால் பணமும் வெளியேறும். ஜார்ஜியாவில் மாநில நிதி தலைக் கணக்கில் வருகிறது. அக்டோபரிலும் மார்ச்சிலும் எண்ணுவார்கள். வருகைப் பதிவேட்டைத் தணிக்கை செய்யச் சொன்னது ஏன் என்பது இப்போது புரியும். பதட்டத்தில் கூட்டமாகக் கிளம்பிப் போகும் குடும்பங்கள், மிச்சமிருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கு வரவேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டுப் போகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

அட்லாண்டா நகரப் பள்ளிகள் 2011 ஜனவரியில் தகுதிகாண் நிலைக்குத் தள்ளப்பட்டதற்கும், ஆசிரியர்கள் விடைகளைத் திருத்திய தேர்வு முறைகேட்டுக்கும் பலர் முடிச்சுப் போடுகிறார்கள். அது வேறு விவகாரம். தள்ளப்பட்டதற்குக் காரணம், போர்டு இரண்டாகப் பிளந்து தலைவர் பதவிக்கு அடித்துக்கொண்டதுதான். டீகால்ப் கவுண்டிக்கு 2012 டிசம்பரில் அதே நிலை வந்தது. அதற்குள் சட்டமும் கடுமையாகியிருந்தது. ஒரு மாவட்டம் அங்கீகாரம் இழப்பதற்கு முந்தைய படிக்கு வந்துவிட்டால், மாநிலக் கல்வி வாரியம் விசாரணை நடத்திப் பரிந்துரைக்கும். ஆளுநர் போர்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்யலாம். 2013 பிப்ரவரியில் ஆளுநர் நேதன் டீல், டீகால்பின் ஒன்பது பேரில் ஆறு பேரை அப்படித்தான் இடைநீக்கம் செய்தார். அந்தச் சட்டம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது.

மதிப்பெண் குறைந்தால் அங்கீகாரம் போய்விடும் என்று மிசூரி மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொன்னால், அதை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள். அங்கே அங்கீகாரம் தருவது மாநில அரசு. அங்குள்ள கன்சாஸ் சிட்டி பள்ளி மாவட்டம் 2012 ஜனவரி 1 முதல் அதை இழந்ததில் தேர்ச்சி அளவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

புகார் வந்ததுமே அங்கீகாரம் போய்விடாது. முதலில் அமைப்பு மாவட்டத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்கும். திருப்தி இல்லையென்றால் ஒரு குழு நேரில் வந்து போர்டு உறுப்பினர்கள், கண்காணிப்பாளர், முதல்வர்கள், பெற்றோர் எல்லோரிடமும் பேசும். பிறகு அறிக்கை, செய்ய வேண்டியவற்றின் பட்டியல், காலக்கெடு. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அறிக்கையே தவறாகவும் போகலாம். காப் கவுண்டியில் 2021-ல் வந்த அறிக்கையின் பெரும்பகுதி முடிவுகளை 2022 மார்ச்சில் காக்னியாவே திரும்பப் பெற்றது. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வரியை நம்பி வீட்டை விற்கக் கிளம்ப வேண்டாம்.

சரி, பிள்ளை பதினொன்றாவதிலோ பன்னிரண்டாவதிலோ இருந்தால்? அங்கீகாரம் இருந்த காலத்தில் வாங்கிய கிரெடிட்டை (பாடத்தை முடித்ததற்கான கணக்கை) வேறு அரசுப் பள்ளி ஏற்றுக்கொள்ளும். அங்கீகாரமில்லாத காலத்துக் கிரெடிட்டுக்குத்தான் தேர்வு வைத்தோ வேறு வகையிலோ சரிபார்ப்பார்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று வாங்கி வையுங்கள். பாடத்திட்டத் தாள்களையும் தூக்கிப் போடாதீர்கள். ஏ.பி., எஸ்.ஏ.டி. மதிப்பெண்கள் வெளி அமைப்பு நடத்தும் தேர்வுகளில் வாங்கியவை, அவற்றின் மதிப்பு குறையாது. கல்லூரிப் படிப்புக்கு ஜார்ஜியா மாநிலம் தரும் ஹோப் உதவித்தொகைதான் நிஜமான கவலை. அங்கீகாரமில்லாத பள்ளியில் முடித்தவர் கல்லூரியில் 30 செமஸ்டர் மணி (கல்லூரிக் கிரெடிட்) படித்து 3.0 ஜி.பி.ஏ. காட்டினால் முன்தேதியிட்டுக் கிடைக்க வழி இருக்கிறது, ஆனால் அதுவரை கட்டணம் நம் கையிலிருந்து போக வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைக்கு ஹோப் எப்படியும் கிடையாது. அந்த வீட்டில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி போர்டு பக்கம் வருவோம். கொள்கை வகுப்பதும் கண்காணிப்பாளரை நியமிப்பதும் போர்டின் வேலை; அன்றாட நிர்வாகத்தில் கைவைக்கக் கூடாது என்று ஜார்ஜியா சட்டமே சொல்கிறது. ஆகவே கூட்டத்தில் ஒரு உறுப்பினர் குறிப்பிட்ட ஒரு முதல்வரின் இடமாற்றத்தைப் பற்றித் துருவினால், குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் டெண்டருக்காக வரிந்துகட்டினால், காது கொடுங்கள். தற்காலிகக் கண்காணிப்பாளர் ஒருவர் போய் இன்னொருவர் வந்துகொண்டே இருந்தாலும் அது கெட்ட அறிகுறி. 5-4 என்று ஓட்டு பிரிவது மட்டும் தவறல்ல. எந்தப் பொருளை எடுத்தாலும் அதே ஐந்து பேர், அதே நான்கு பேர் என்றால்தான் யோசிக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பேச பணியாளர் விவகாரம், நிலம் வாங்குவது, வழக்கறிஞர் ஆலோசனை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. என்ன காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும்.

ஆவணங்களைக் கேட்க வக்கீல் வேண்டாம், குடியுரிமையும் வேண்டாம். மாவட்டத்தின் திறந்த ஆவண அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மூன்று வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். தேடும் வேலையில் முதல் கால் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. காகிதப் பிரதி பக்கத்துக்கு 10 சென்ட், அதனால் மின்நகலாகவே கேளுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் பெரிய பில் வரும். இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்: அங்கீகார அமைப்பு அனுப்பிய கடிதமும் மாவட்டம் எழுதிய பதிலும், கடந்த 12 மாத போர்டு நடவடிக்கைக் குறிப்புகள், அதே காலத்தில் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த தொகை. மூன்றாவதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். உறுப்பினர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்கும் புகாருமாகப் போகும் போர்டில் முதலில் வீங்குவது அந்தக் கணக்குதான்.

குடியுரிமை உள்ளவர்கள் போர்டு தேர்தலுக்குத் தவறாமல் ஓட்டுப் போடுங்கள். டீகால்ப், க்வினெட் போன்ற கவுண்டிகளில் அது கட்சிச் சார்பில்லாமல் மே மாதத்தில் நடக்கிறது. நவம்பர்தானே என்று இருந்தால் கோட்டைவிட்டுவிடுவீர்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது. ஆனால் கூட்டத்தில் பெயர் கொடுத்துப் பேசலாம். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். ஆதங்கத்தைக் கொட்டி அதை வீணாக்காமல், நான்கைந்து பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: அறிக்கையில் சொன்ன எந்த எந்தக் காரியம் முடிந்தது, மிச்சத்துக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், அடுத்த கூட்டத்தில் அதன் நிலையை எழுத்தில் தருவீர்களா? கேள்விகளை அச்சடித்துச் செயலரிடம் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
போர்டு கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பெற்றோர் சிலர்