டிக் குறிக்குப் பதிலாக ஓர் எண்: ஜெனீவாவில் கூடும் வாகன விதிமுறைப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் இயங்கி, பல நாடுகளின் வாகன விதிகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்யும் பணி உங்களுடையது. அந்த விதிகள் எட்டிப் பார்க்காத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். புதிய கார் வாங்கியவர் கைக்கு வந்து சேரும் நாள் அது.

அண்மையில் நானும் ஒரு புதிய கார் எடுத்தேன். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த சீட்டில் டயரின் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்று இருந்தது. கையோடு கொண்டுபோன அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது நான்கு டயர்களிலும் 46, 47 என்று காட்டியது. கப்பலிலும் கிடங்கிலும் நெடுநாள் அசையாமல் நிற்கும்போது டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடாதிருக்க அதிகக் காற்று அடைப்பதும், ஒப்படைக்கும் முன் அதை இறக்கி அளவுக்குக் கொண்டுவருவதும் இத்தொழிலில் வழக்கம். இறக்க மறந்திருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தந்த சோதனைத் தாளில் ‘டயர் காற்றழுத்தம்’ என்ற வரிக்கு எதிரே டிக் குறி இருந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லா வரிகளுக்கும் ஒரே வீச்சில் போட்ட குறிகள். சொன்னதும் வருத்தம் தெரிவித்துப் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார்கள். அந்த ஊழியர்மீது எனக்குக் கோபமில்லை. அளந்த எண்ணை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை என்பதுதான் என் குறை.

1958ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒரு நாடு வழங்கும் வகை ஒப்புதலை, அதாவது ஒரு கார் மாதிரி விதிக்குப் பொருந்துகிறது என்ற அனுமதியை, அதே விதியை ஏற்ற மற்ற நாடுகளும் ஏற்கின்றன. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தயாரிப்பாளரே தமக்குச் சான்று கூறிக்கொள்கிறார். வழி எதுவானாலும் சோதிக்கப்படுவது ஒரு மாதிரி. வாங்குபவர் வாசலில் வந்து நிற்கும் அந்த ஒரு கார் அல்ல. அதன்பின் முதல் கட்டாயச் சோதனை ஜெர்மனி, ஜப்பான், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை அதை நான்கு ஆண்டுவரைகூடத் தள்ளிப்போட இடம் தருகிறது. இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை. டெக்சாஸ் மாநிலமோ 2025 தொடக்கம் முதல் தனியார் வாகனங்களுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையையே கைவிட்டுவிட்டது.

புதிய உதிரிபாகங்கள் எளிதில் தேய்வதில்லை என்பதால் இந்த அவகாசம் பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது இருந்த நிலையிலேயே கார் உரிமையாளரை அடைகிறது என்ற நம்பிக்கையின்மேல்தான் அது நிற்கிறது. திறந்தவெளியில் மாதக்கணக்கில் நிற்கும் காரில் பிரேக் தட்டுகள் துருப்பிடிக்கும், பேட்டரி இறங்கும். பயணத்தின்போது கார் குலுங்காதிருக்கச் சில தயாரிப்பாளர்கள் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளுக்கு இடையே தக்கைகளைச் செருகி அனுப்புகிறார்கள். அவற்றையும் யாராவது நினைவாக எடுத்தாக வேண்டும். ஐரோப்பாவில் ஒவ்வொரு புதிய காருடனும் வரும் இணக்கச் சான்றிதழ் கார் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

ஆகவே, காலமுறைச் சோதனைக்கான 1997ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் கீழ், ஒப்படைப்புப் பதிவேடு ஒன்றை விதியாக்க வேண்டுகிறேன். எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை என்பதை அறிவேன். சேராதவர்களுக்கு அது பரிந்துரையாகவேனும் போகட்டும். காரின் 17 எழுத்து அடையாள எண்ணுடன், அளந்த டயர் அழுத்தம், டயரின் பக்கச்சுவரில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள், பேட்டரி வோல்டேஜ், தீர்க்கப்படாத திரும்ப அழைப்பு (குறை கண்டு சரிசெய்யத் தயாரிப்பாளர் காரை வரவழைப்பது) ஏதேனும் உண்டா என்ற விவரம், சோதித்தவரின் கையெழுத்து ஆகியவை அதில் இருந்தால் போதும். வாங்குபவர் படிக்கும் மொழியில் இருப்பதும், கார் வேறொரு நாட்டுக்குப் போனாலும் அங்குள்ள அலுவலகம் அதை ஏற்பதும் அவசியம்.

டீலர்களுக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். செய்துவிட்டதாக அவர்கள் இன்று டிக் போடும் வேலைதான் இது. குறிக்குப் பதிலாக எண்ணை எழுதச் சொல்கிறேன், அவ்வளவே. சட்டம் ஷோரூமுக்குள் நுழைவதும் புதிதல்ல: திரும்ப அழைக்கப்பட்ட புதிய காரை, குறையைத் தீர்க்காமல் ஒப்படைக்க அமெரிக்கச் சட்டம் டீலரை அனுமதிப்பதில்லை.

என் சோதனைத் தாளின் நகலை, பெயர்களை மறைத்து, இத்துடன் இணைத்துள்ளேன். ஏழாவது வரியை அருள்கூர்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்