காது வடியிறது சின்ன வருத்தமில்ல ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்ல சுகாதாரப் பக்கத்துல காது வடியிறதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. முழுக்கப் பிழையெண்டு சொல்ல வரல்ல. எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க, கோழியிறகு விட்டுக் குடையாதீங்க எண்டெல்லாம் எழுதினது எங்கட பக்கத்துக்குத் தேவையான புத்திதான். ஆனா கடைசிப் பந்தியில ஒரு வசனம் இரிக்கு, "கேட்கும் திறன் பெரிதாகக் குறையாத நோயாளிகள் எவ்விதத் தடையுமின்றி வழமையான வாழ்க்கை வாழலாம்" எண்டு. அத வாசிச்சதில இருந்து எனக்கு மனசு ஆறல்ல ஐயா. நாங்க சின்ன வயசில இருந்து வாசிக்கிற பேப்பர் உங்கடது, அதில இப்பிடி வந்தா எங்கட வீட்டாக்களே எங்கள நம்ப மாட்டாங்க, பேப்பர்லயே போட்டிருக்கு உனக்கு ஒண்டுமில்லயாம் எண்டுதான் சொல்லுவாங்க.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன். 90ஆம் ஆண்டு நாங்க இடம்பெயர்ந்து முகாமில இருக்கக்குள்ள எனக்கு ரெண்டு காதும் வடியத் தொடங்கினது. சனம் நெருக்கமாப் படுத்து எழும்பின இடம், ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தா எல்லாப் பிள்ளைக்கும் வரும், தடிமன் காதுக்கு ஏறும், காது குத்தும், பிறகு செவிப்பறை ஓட்டையாகி சீழ் வரும். அந்த நேரம் மருந்து இல்ல, போற வழியும் இல்ல. இது என்ட கதை மட்டுமில்ல, உலக சுகாதார நிறுவனம் 2004ல போட்ட அறிக்கையில உலகத்துல ஆறரைக் கோடில இருந்து 33 கோடி வரையான சனத்துக்குக் காது வடியுது, அதுல 60 வீதமான ஆக்களுக்குக் கேட்கிறதும் குறைஞ்சிருக்கு எண்டு சொல்லியிருக்கு. அப்ப மிச்சம் 40 வீதம் ஆக்கள் உங்கட கட்டுரைப்படி தடையில்லாம வாழுற ஆக்களா?

தடை எண்டா என்னெண்டு நான் சொல்லுறன். கிணத்தடியில ஒரு வாளி தண்ணிய அள்ளித் தலையில ஊத்தேலா. பஞ்சில வஸலின் தடவிக் காதை அடைச்சிக்கிட்டு கழுத்துக்குக் கீழ மட்டும் குளிக்கிறது, தலைய தனியா ஒருத்தர் பிடிச்சிக் கழுவி விடணும். செத்த வீட்டுக்குப் போயிற்று வந்தா தலையில தோயாம வீட்டுக்குள்ள ஏறக் கூடாது, நான் தோய மாட்டன், அதுக்காகவே எத்தின செத்த வீட்டுக்குப் போகாம விட்டிருக்கன், சொந்தக்காரர் இன்னும் அத வெச்சித்தான் என்னோட கதைக்கிறல்ல. ஆடி அமாவாசைக்கு ஊரே மாமாங்கக் கோயில் தீர்த்தக் குளத்துல முழுகக்குள்ள நான் கரையில நிண்டு எல்லார்ட உடுப்புக்கும் காவல். அப்பா செத்த பிறகு அவருக்காக ஆடி அமாவாசையில முழுகேலாமப் போனது எனக்கு எவ்வளவு பெரிய குறையெண்டு எந்த மெசினால அளக்கிற?

மணத்தப் பத்தி நீங்க ஒரு வரி எழுதல்ல. காது வடியிற ஆக்களுக்கு கேட்கிறத விட முதல் பயம் அதுதான். ஒரு நாள் மடியில இருந்த நாலு வயசுப் பிள்ள என்ட முகத்தப் பாத்து "மிஸ், உங்கட்ட மணக்குது" எண்டிச்சு. பிள்ளையில பிழையில்ல. அண்டைக்குப் பிறகு நான் பிள்ளைகளத் தூக்கிறது குறைவு, பஸ்ஸில ஆராவது பக்கத்துல வந்து குந்தினா முகத்தத் திருப்பிக்கிறன், எனக்குப் பேசி வந்த ஒரு கலியாணமும் காது வடியுதாம் எண்டு ஆரோ போய்ச் சொன்னதால நிண்டு போச்சு. இதெல்லாம் ஒரு கேட்டல் பரிசோதனையிலயும் வராது.

அந்தப் பரிசோதனை எப்பிடியெண்டு உங்களுக்கும் தெரியும். சத்தமில்லாத ஒரு பெட்டி அறைக்குள்ள இருத்தி, காதில ஹெட்போன் போட்டு, 500, 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ்ல கீ கீ எண்டு ஒரு சத்தம் விட்டு, கேட்டா கையத் தூக்கச் சொல்லுவாங்க. அதுல சராசரி எடுத்து இத்தின டெசிபெல் எண்டு எழுதுவாங்க. அது தேவையான அளவுதான், நான் மறுக்கல்ல. ஆனா நான் வாழுறது அந்தப் பெட்டிக்குள்ள இல்லயே ஐயா, முப்பது பிள்ள கத்திற முன்பள்ளியிலயும், ஹோர்ன் அடிச்சிக்கிட்டே போற பஸ்ஸிலயும், ஸ்பீக்கர் கட்டின கலியாண வீட்டிலயும்தான். கூட்டத்துக்குப் போனா முன் கதிரையில போய் இருப்பன், பின்னால இருந்தா விளங்காது, அதுக்கு "பெருமைக்கு முன்னுக்குக் குந்துறா" எண்டு கதை.

இடது காதுக்கு ஒப்பரேசன் செய்தாச்சு. காதுக்கு மேல உள்ள தசையில இருந்து மெல்லிய சவ்வெடுத்து பறையில உள்ள ஓட்டைய மூடுற ஒப்பரேசன். செய்த டொக்டருக்கு நான் சாகும் வரைக்கும் கடமைப்பட்டவள், ஓட்டை மூடியிட்டு, சீழ் நிண்டிட்டு. கொப்பியில "நல்லம்" எண்டு எழுதி முடிச்சாங்க. ஆனா அந்தக் காதுக்குள்ள ராவில கூ எண்டு இரையிறது நிக்கல்ல, நித்திரையில்ல, வலது காது இன்னும் வடியுது, தடிமன் வந்தா ஒட்டினது திரும்பக் கிழிஞ்சிருமோ எண்ட பயம். இதை ஒருத்தரும் கேக்கல்ல. நானாச் சொல்லப் போனா பின்னால வரிசை நிக்குது, டொக்டருக்கும் நேரமில்ல, அவரையும் குறை சொல்லேலா.

கேக்கிறதுக்கு வழி இல்லாமலில்ல ஐயா, அதுதான் எனக்குக் கூடக் கோபம். தங்கச்சிட மகள் தாதிமார் படிப்புப் படிக்கிறா, அவதான் எனக்குக் காட்டினா. 2000ஆம் ஆண்டே அமெரிக்காவில 13 கேள்வியில குரோனிக் இயர் சர்வே எண்டு ஒண்டு செஞ்சிருக்காங்க, காதால உங்கட வேலை எது தடைப்படுது, வருத்தம் எப்பிடி, டொக்டரிட்டயும் மருந்துக்கும் எத்தின தரம் போறீங்க எண்டு மூண்டு பங்காக் கேக்கிற. ஜேர்மனியில 15 கேள்வி, சுவிஸ்ல சூரிச்ல 21 கேள்வி, இங்கிலாந்துல 12 கேள்வியில சிஓஎம்கியூ-12 எண்டு ஒண்டு. அந்தப் பன்னிரண்டுலயும் ஒவ்வொண்டுக்கும் பூச்சியத்துல இருந்து அஞ்சு வரைக்கும் நோயாளியே புள்ளி போடணும், மொத்தம் 60, கூடக் கூடக் கஷ்டம் கூட எண்டு அர்த்தம். சீழ் வருதா, மணக்குதா, சத்தமான இடத்துல கதை விளங்குதா, தலை சுத்துதா, காது இரையுதா, குளிக்கக்குள்ள கஷ்டமா எண்டெல்லாம் கேள்வி இரிக்கு. அத வாசிக்கக்குள்ள நான் அழுதிட்டன், எங்கயோ இருக்கிற ஒருத்தர் என்ட வாழ்க்கையக் கேக்கிறார் எண்டு. ஒப்பரேசனுக்கு முன்ன ஒருக்கா, பிறகு ஒருக்கா அந்தத் தாள நிரப்பினா, ஓட்டை மூடினதோட மனுசன்ட கஷ்டமும் மூடியிருக்கா எண்டு தெரிஞ்சிரும். டெசிபெல்லும் இந்தப் புள்ளியும் எப்பவும் ஒண்டாப் போறல்லயாம், அதாலதான் ரெண்டையும் எடுக்கணும் எண்டு மகள் சொன்னா. ஆனா சூரிச்ல இருக்கிற ஆளிட்ட செத்த வீட்டுக் குளிப்பப் பத்திக் கேக்கத் தேவையில்ல, இஞ்ச கேக்கத் தேவை. மாரியில வெள்ளம் வந்து ரோட்டு மூடினா கிளினிக்குக்கு எப்பிடிப் போறீங்க, பாதைக்கு, அதுதான் ஆக்கள ஏத்தி இறக்கிற மிதவைக்கு, காவல் நிண்டு ஆத்தக் கடந்து போக ஒரு நாள் கூலி போகுதா எண்டும் கேக்கணும். வெள்ளாமை வெட்டுற ஆளுக்கும், வாவியில மூழ்கி வலை எடுக்கிற ஆளுக்கும், என்னப் போல மிஸ்ஸுக்கும் ஒரே காது வருத்தம்தான், ஆனா அதால இழக்கிற சோறு வேற வேற.

கிளினிக் எண்டதும் இன்னொண்டு. ஒரு ஆஸ்பத்திரியில காது கிளினிக்குக்கு வந்த ஆக்கள கதவடியில நிண்டு வாயால பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. காது கேக்காம வந்த ஆக்கள ஐயா! ஃபேன் சத்தம், பிள்ளைகள் அழுற சத்தம், பேர் போனது தெரியாம இருந்து பகல் தாண்டினாப் பிறகு "நீங்க எங்க போனீங்க" எண்டு பேச்சும் வாங்கி வந்த வயசுபோன அம்மாவ நான் கண்டிருக்கன். ஒரு நம்பர் பலகை வெச்சாக் காணும்.

நீங்களும் குறையில்ல, மரியாதையோடதான் சொல்லுறன். போன வருசம் ரோட்டுப் போடாத அதிகாரிகளப் பத்தி எழுதக்குள்ள "செவிடன் காதில் ஊதிய சங்கு" எண்டு கொட்டை எழுத்துல போட்டீங்க. வேணுமெண்டு கேக்காத அதிகாரிக்கும் கேக்க ஏலாத எங்களுக்கும் ஒரே பேரா? கேட்கும் கருவி குடுத்த நிகழ்வெண்டு பிரமுகர்மாரைச் சிரிக்க வெச்சு, வாங்கின பிள்ளைகள்ட முகம் தெரியப் படம் போட்டீங்க, அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும் எண்டு நினைச்சீங்களா? அதுக்கு நான் எழுதின கடிதத்துல "வாழ்த்துகள்" எண்ட பகுதிய மட்டும் எடுத்துப் போட்டு மிச்சத்த வெட்டினீங்க.

இன்னொண்டும் அந்தக் கட்டுரையில விட்டுப் போச்சு. காது வடியிறதுல எலும்பை அரிக்கிற வகை ஒண்டு இரிக்கு, கொலஸ்டியட்டோமா எண்டு சொல்லுவாங்க, விட்டா முகம் கோணலாம், மூளைக்கும் ஏறலாம். கேட்கிறது பரவாயில்லாம இருந்தாலும் அது உள்ளுக்கு இருக்கலாம். நல்லாக் கேக்குது தானே எண்டு உங்கட வசனத்த நம்பி வீட்டுல இருக்கிற ஆளுக்கு ஆர் பொறுப்பு?

நான் கேக்கிறது பெருசில்ல. அந்த ஒரு வசனத்த வாற ஞாயிறு அதே பக்கத்துல திருத்திப் போடுங்க, மூலையில சின்ன எழுத்துல இல்லாம. ஏலுமெண்டா கட்டுரை எழுதின டொக்டரிட்டச் சொல்லி, மணம், குளிப்பு, இரைச்சல், நித்திரை, போக்குவரத்து, மனசு, இதுகளக் கேக்கிற பத்துப் பன்னிரண்டு கேள்விய எங்கட பேச்சுத் தமிழில எழுதிப் போடுங்க, சனம் வெட்டியெடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போய் டொக்டரிட்ட நீட்டட்டும், வாயால சொல்ல வெக்கப்படுறதத் தாள்ல காட்டலாம். கடிதம் நீளமெண்டா முகாம் கதையையும் என்ட கலியாணக் கதையையும் வெட்டுங்க, பேர் கூப்பிடுற விசயத்தையும் கொலஸ்டியட்டோமாவையும் மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு.