பெரியப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்

பர்கோஸ், ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பொங்கலுக்குள் பதில் போட நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "எலிப்பல் எண்ணவா ஸ்பெயினுக்குப் போனாள்?" என்று பெரியப்பா கேட்டாராமே. ஆமாம், அதற்குத்தான்.

இந்த ஊர்ப் பக்கத்தில் ஆதிமனிதர் எலும்பு கிடைத்த அட்டபுவெர்காக் குகையில் தோண்டும் மண்ணைக் கோடையில் அர்லான்சோன் ஆற்றில் சல்லடை போட்டு அலசுவோம். மிஞ்சுவதைக் குளிர்காலம் முழுக்கப் பொறுக்குகிறேன். அம்மா முறத்தில் கல் பொறுக்குவாளே, அதேதான். முறத்துக்குப் பதில் மைக்ராஸ்கோப். பெரும்பாலும் ஆந்தை விழுங்கிக் கக்கிய எலிகள். எலும்பு நொறுங்கினாலும் பல் நிற்கும், நொய்யரிசி அளவில். காட்டெலிப் பல்லில் குமிழ் குமிழாக இருக்கும். வோல் என்கிற குட்டைவால் எலிக்கு முக்கோணங்கள் இடமும் வலமுமாக, கோல பார்டர் மாதிரி ஓடும். பழங்காலத்து நீர் வோல் பல்லுக்கு வேர் உண்டு. அதன் வழிவந்ததற்கு வேரே கிடையாது, சாகும்வரை பல் வளரும். வேரைப் பார்த்தே மண்ணின் காலத்தைக் கணிக்கலாம். 1994இல் இங்கே கிடைத்த மனித எலும்பு 8 லட்சம் வருஷத்துக்கும் முந்தையது. அந்த அடுக்கில் இருந்ததும் வேருள்ள பல்தான்.

ஈரத் தூரிகை நுனியில் ஒட்டித்தான் பல்லை எடுக்கணும். போன வாரம் அவசரத்தில் இடுக்கியால் பிடித்தேன், துள்ளிவிட்டது. அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். நீங்கள் கிட்டியில் மாட்டிய எலியைக் கொண்டுவந்தால் கிணற்றடிக்கு ஓடுவேனே, அந்த நினைப்பு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குளிர் பழகிவிட்டது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டரே வேண்டாம். மாடிவீட்டுப் பாட்டி அரிசி போட்ட ரத்தக் குடல் வறுத்துத் தருகிறாள், அத்தை செய்யும் ரத்தப் பொரியலுக்குப் பக்கத்தில் வராது. சின்னவளுக்குப் பல் விழுந்ததாமே, கூரையில் போட்டீர்களா? இங்கே தலையணைக்கடியில் வைத்தால் பேரெஸ் என்கிற எலி எடுத்துக்கொண்டு காசு வைக்குமாம். எலி நம் பல்லை எடுக்க, நான் எலிப் பல்லை எடுக்க, கணக்கு நேர்.

கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். அண்ணனிடம் இப்போதைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே ஏதோ காகித வேலை, மார்ச்சில் அனுப்பிவிடுவேன். வாய்க்கால் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு வந்தால் சம்பா அறுப்பு முடியட்டும் என்று சொல்லுங்கள். அறுப்பு மெஷின் வாடகைக்கு அண்ணி வளையலை வைத்தார்களாமே, அந்த அடகு ரசீது யாரிடம் இருக்கிறது? அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்