அளந்த எண் அனுமதித் தாளுக்குப் போய்ச் சேரட்டும்: பிராந்திய மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூசிலாந்தின் பிராந்திய மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் நிலை பற்றிய அறிக்கைகள் உங்கள் பார்வைக்கு வருகின்றன. நிறப்புள்ளிகள் இட்ட வரைபடம், பத்தாண்டுப் போக்கு, ஒரு பக்கச் சுருக்கம். தண்ணீர் எடுக்கவும் கழிவுநீர் விடவும் நீங்கள் கொடுத்த அனுமதிகள் பின்பற்றப்பட்டனவா என்ற அறிக்கை தனியாக வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே ஆற்றைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதே பல நேரம் புரியாது. அளப்பவர்கள் ஒரு பிரிவு, அனுமதி கொடுப்பவர்கள் இன்னொரு பிரிவு. இந்த இடைவெளியை அடைக்கச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

வளமேலாண்மைச் சட்டம் 1991, அதன் 35ஆம் பிரிவில் சூழலின் நிலையைக் கண்காணிக்கச் சொன்னது. கொடுத்த அனுமதிகள் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்க்கச் சொன்னது. மன்றத்தின் கொள்கைகளும் விதிகளும் பலன் தருகின்றனவா என்பதைக் கண்காணித்து, ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் வெளியிடவும் சொன்னது. முதல் இரண்டும் ஏதோ ஓர் அளவில் நடக்கின்றன. மூன்றாவதுதான் மெலிந்து கிடக்கிறது.

நீரோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு இத்தனை கனமீட்டர் என்று உங்கள் இணையதளம் காட்டும் எண்ணைப் பெரும்பாலான நிலையங்களில் எந்தக் கருவியும் நேராக அளப்பதில்லை. கருவி அளப்பது நீர்மட்டத்தை மட்டுமே, 5 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை. இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று மாற்றிச் சொல்வது ஒரு வளைவரை. அந்த வளைவரையை உருவாக்க ஆட்கள் ஆற்றுக்குப் போக வேண்டும். நீர் குறைவாக இருக்கும்போது இறங்கி, கரைக்குக் கரை பல இடங்களில் ஆழத்தையும் வேகத்தையும் அளக்க வேண்டும்; வெள்ளத்தில், ஒலியலையால் நீரின் வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவியை மிதக்கவிட்டு இழுக்க வேண்டும். கூழாங்கல் படுகை உள்ள ஆற்றில் ஒரு பெருவெள்ளம் போனால் படுகையே இடம் மாறிவிடும். பழைய வளைவரை அன்றோடு செல்லாக்காசு.

கோடையில் தொல்லை வேறு மாதிரி. நீர்ப்பூண்டு அடர்ந்து ஓட்டத்தை மறிக்கும். ஓடும் நீர் கூடாமலே மட்டம் உயரும். வளைவரையைத் திருத்தாவிட்டால் கணினி அதைக் கூடுதல் ஓட்டமாகவே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, நொடிக்கு 1,000 லிட்டருக்குக் கீழே போனால் பாசனப் பம்புகளை நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை என்று வையுங்கள். ஆற்றில் உண்மையில் 900 லிட்டர்தான் ஓடுகிறது, திரையில் 1,050. பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். விதியை மீறியவர் என்று யாரையும் காட்ட முடியாது. எனவே தடை எல்லையைத் தீர்மானிக்கும் நிலையங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் ஒருமுறையும் நேரில் போய் அளக்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். புதிய நிலையம் நிறுவப் பணம் கிடைத்துவிடுகிறது. இருக்கும் நிலையத்துக்கு ஆள் அனுப்பத்தான் கிடைப்பதில்லை. (நிலையத்தைப் படம் எடுத்துச் செய்தியாகப் போடலாம், வளைவரையைப் போட முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

மறுபக்கம், எடுக்கப்படும் நீர். நொடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ எடுப்போர் மீட்டர் வைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2010இல் வந்தது. 15 நிமிடப் பதிவும் மின்வழி அனுப்புதலும் 2020 திருத்தத்தில் சேர்ந்தன. குழாயில் பொருத்திய மீட்டர் ±5 விழுக்காட்டுக்குள் சரியாக இருக்கிறதா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நடைமுறையில் பிசகுவது இங்கேதான்: வளைவுக்கோ வால்வுக்கோ ஒட்டி மீட்டரைப் பொருத்துவார்கள், சுழல்நீரில் அது தப்பாக எண்ணும், குழாய் நிறையாமல் ஓடினாலும் அப்படியே. பேட்டரி தீர்ந்த நாளில் பதிவு இல்லை என்று வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்து உட்காரும். கூட்டிப் பார்க்கும் கணக்கில் அந்தப் பண்ணை தண்ணீரே எடுக்கவில்லை. வெற்றிடத்தையும் பூஜ்யத்தையும் பிரித்துக் காட்டாத எந்த மென்பொருளையும் ஏற்காதீர்கள்.

நீரின் தரத்துக்கு வருவோம். நன்னீர் மேலாண்மைக்கான 2020 தேசியக் கொள்கை அறிக்கை, ஆற்றில் கரைந்த ஆக்சிஜன் ஒரு நாளின் மிகக் குறைந்த அளவிலும் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது என்று அடிமட்ட எல்லை வகுத்தது. ஏழு நாட்களின் அன்றாடக் குறைந்த அளவுகளைச் சேர்த்த சராசரிக்கு எல்லை 5 மில்லிகிராம். மாதம் ஒருமுறை காலை பத்து மணிக்கு எடுக்கும் அளவு இதற்கு உதவாது. செடிகள் பகலில் ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் உறிஞ்சும். அளவு மிகத் தாழ்வது விடியலுக்குச் சற்று முன். கோடையில் ஓரிரு வாரமாவது சென்சாரை நீரிலேயே விட்டுவைக்க வேண்டும். பாசி படிந்தால் அது பொய் சொல்லும், ஆகவே இடையில் போய்த் துடைத்து, துடைப்பதற்கு முன்னும் பின்னும் வந்த அளவைக் குறித்துவைக்க வேண்டும்.

சாணக் கலப்பைக் காட்டும் பாக்டீரியாவான ஈ.கோலியில் சிக்கல் மழை. ஆற்றைத் தரம் பிரிக்க, அதிகபட்சம் ஐந்தாண்டுக் காலத்தில் குறைந்தது 60 மாதிரிகள் வேண்டும், வானிலை எப்படி இருந்தாலும் சீரான இடைவெளியில் எடுக்க வேண்டும் என்கிறது அதே கொள்கை. வெள்ள நாளில் போவது ஆபத்து என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளினால், சாணமும் மண்ணும் அதிகம் அடித்துவரும் நாளே கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஆறு இருப்பதைவிடச் சுத்தமாகத் தெரியும். பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் பாலத்திலிருந்து கயிற்றில் கலத்தை இறக்கி எடுக்கலாம், அல்லது மட்டம் ஏறியதும் தானாக இயங்கும் 24 பாட்டில் கருவியை வைக்கலாம். பனிக்கட்டியோடு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராத ஈ.கோலி மாதிரியை மட்டும் நம்ப வேண்டாம்.

அனுமதி பெற்றவரே மாதிரி எடுத்து அனுப்பும் ஏற்பாட்டையும் பாருங்கள். சட்டத்தின் 107ஆம் பிரிவு, கழிவுநீர் நியாயமான அளவு கலந்த பிறகு என்ன விளைவு என்று கேட்கிறது. கழிவு ஆற்றின் ஒரு கரையை ஒட்டியே நெடுந்தூரம் ஓடும். எதிர்க்கரையில் மாதிரி எடுத்தால் எப்போதும் தேர்ச்சிதான். எடுக்கும் புள்ளியை ஆயத்தொலைவோடு நிபந்தனையில் எழுதுங்கள். ஆய்வகச் சான்றிதழ் அப்படியே மன்றத்துக்கு வரட்டும், அனுமதிதாரர் தட்டச்சிட்ட அட்டவணை வேண்டாம்.

நிலத்தடி நீரில் இந்த இடைவெளி உயிரையே குடித்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் கனமழைக்குப் பிறகு ஆட்டுச் சாணம் கலந்த நீர் குடிநீர்க் கிணறுகளுக்குள் போய், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேம்பிலோபாக்டர் என்ற குடல்நோய்க் கிருமியால் நோயுற்றனர். நிலத்தடி நீரைக் காக்கும் கடமையில் பிராந்திய மன்றம் தவறியது என்று விசாரணைக்குழு கூறியது. கிணற்றின் மேல்வாய் அடைப்பைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைதான். அதைப் போய்ப் பார்ப்பதும் கண்காணிப்புதான். நைட்ரேட்டில் காலதாமதம் வேறு. டாவ்போ ஏரிப் படுகையில், மண்ணிலிருந்து இறங்கிய நைட்ரஜன் ஏரியை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதனால்தான் அங்கே ஏரியின் நீர் மோசமாகும்வரை காத்திராமல், கட்டுப்படுத்தக்கூடிய நைட்ரஜனில் 20 விழுக்காட்டைக் குறைக்க இலக்கு வைத்தார்கள். அளவீடு முடிவோடு சேர்ந்து நடந்ததற்கு அது ஒரு நல்ல சான்று.

உங்களிடம் நாங்கள் கேட்பது, ஒவ்வொரு வடிநிலத்துக்கும் ஒரே ஒரு தாள். அதில் அனுமதித்த மொத்த நீர், மீட்டர்படி எடுத்த நீர், பதிவே வராத நாட்கள், நிலையத்தில் கடைசியாக நேரில் அளந்த தேதி ஆகியவை இருக்கட்டும். ஒவ்வொரு தரவுக்கும் தேசிய அளவீட்டுத் தரநிலை தரும் குறியீட்டையும் அச்சிடுங்கள். 600 என்றால் நல்ல தரவு, 400 என்றால் மோசம், 300 என்றால் இடைவெளியை நிரப்பக் கணக்கிட்டுப் போட்டது. இவற்றுக்குக் கீழே, இந்த எண்களைப் பார்த்து எந்த அனுமதியின் எந்த நிபந்தனையை மறுஆய்வு செய்கிறீர்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி. பாசனப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய குழுக் கூட்டத்தில் அந்தத் தாள் உங்கள் முன் வர வேண்டும், பருவம் முடிந்த பிறகு அல்ல.

இப்படிக்கு,
நீரளவைப் பணியிலும் ஆய்வகத்திலும் உள்ளோர்