நிறம் மாறிய பாம்பு வெளியே பிழைக்காது என்று நம்பும் அன்பர்களுக்கு

பெறுநர்: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மில்க் ஸ்நேக் என்னும் நஞ்சற்ற அயல்நாட்டு வளையப் பாம்பு வளர்ப்போர்

மதிப்பிற்குரிய அன்பர்களே, வணக்கம்.

தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று இக்கரையோர ஊர்களில் அயல்நாட்டுப் பாம்பு வளர்க்கும் உங்களில் சிலரோடு உரையாடியபோதெல்லாம் ஒரே பதில் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தது. "எங்களிடம் இருப்பது நிறம் வெளிறிய அல்பினோ. வெளியே போனால் காக்கையும் பருந்தும் ஒரு நாள்கூட விட்டுவைக்காது. ஆகவே கூண்டிலிருந்து தப்பினாலும் ஊருக்குக் கெடுதல் இல்லை." இந்த நம்பிக்கை தவறானது என்றும், மரபியல் கணக்கை நன்கு அறிந்த நீங்களே முதலில் அதைக் கைவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

உங்கள் ஈடுபாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள் வளையங்கள் மாறி மாறி அமைந்த ஹோண்டுரன் மில்க் ஸ்நேக் இயல்பான நிறத்திலேயே கண்ணைப் பறிக்கும் உயிர். நச்சுப் பவளப்பாம்பை ஒத்த அந்த வளையங்கள், நஞ்சே இல்லாத இப்பாம்புக்கு மத்திய அமெரிக்கக் காடுகளில் காப்பாக அமைகின்றன. கறுப்பு நிறமி உருவாகாவிட்டால் அதுவே அல்பினோ. கறுப்பு இருந்த இடம் வெளிறி, செம்மஞ்சள் வளையங்களும் சிவந்த கண்களுமாக நிற்கும். சிவப்பு நிறமி இல்லாமல் கறுப்பும் சாம்பலும் வெண்மையுமாக இருப்பது அனெரி. கறுப்பு முற்றிலும் மறையாமல் பழுப்பாக மங்கியிருந்தால் ஹைப்போ. அல்பினோவும் அனெரியும் ஓருடலில் கூடினால் ஸ்நோ, ஹைப்போவும் அனெரியும் கூடினால் கோஸ்ட். டாஞ்சரின் இவற்றினின்று வேறானது. வெள்ளை வளையங்கள் ஆரஞ்சாகத் திரியும் பாம்புகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைத்து உருவாக்கியது அது. கோஸ்டா ரிகா, பனாமா மலைகளில் வாழும் ஒரு வகையோ வளையங்களுடன் பொரிந்து, வளர வளர முழுக் கறுப்பாகிவிடுகிறது. வளர்ப்பவர் கை படாத இயற்கையின் வேலை அது. என் கண்ணுக்கு, வளர்ப்பில் உருவாக்கிய, விலை உயர்ந்த எந்த மார்ஃபையும் (நிற வகையையும்) விட அதுவே அழகு.

இனி, நீங்கள் விளம்பரங்களில் எழுதும் அதே கணக்குக்கு வருகிறேன். அல்பினோ, அனெரி இரண்டும் ஒடுங்கு பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் நிறம் வெளிப்படும். மறைந்த மரபணு எதுவும் இல்லாத ஓர் அல்பினோவையும் ஓர் அனெரியையும் இணைத்தால் பிறக்கும் குட்டிகளில் ஒன்றுகூட அல்பினோவாகவோ அனெரியாகவோ இராது. அத்தனையும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை வளையங்களோடு, காட்டில் பிறந்தவை போலவே இருக்கும். அவற்றைத்தான் நீங்கள் "டபுள் ஹெட்", அதாவது இரு நிற மரபணுக்களை மறைவாகச் சுமப்பவை, என்று கூடுதல் விலை சொல்லி விற்கிறீர்கள். அந்தக் குட்டிகள் தமக்குள் இணைந்தால் சராசரியாகப் பதினாறில் ஒன்பது இயல்பு நிறத்திலும், மூன்று அல்பினோவாகவும், மூன்று அனெரியாகவும், ஒன்று ஸ்நோவாகவும் பொரியும். எதிரியின் கண்ணில் படும் நிறம் என்று நீங்கள் நம்பியிருக்கும் காப்பு ஒரே தலைமுறையில் கழன்றுவிடுகிறது என்பதே இதன் பொருள். வெளிறிய குட்டிகளை மயிலும் கீரியும் பொறுக்கித் தின்றாலும் இயல்பு நிறத்தவை எஞ்சும், மறைந்த மரபணுவும் அவற்றோடு எஞ்சும். தப்பியது ஒன்றே ஒன்றுதானே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பல பாம்பினங்களில் இணைசேர்ந்த பெண், விந்தை நெடுநாள் உடலிலேயே காத்து வைத்துப் பின்னர் முட்டையிட வல்லது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்பெயினுக்கு உரிய கிரான் கனாரியா தீவில், மில்க் ஸ்நேக்கின் நெருங்கிய உறவான கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து வெளியேறிப் பெருகிவிட்டது. காட்டில் அதைக் கண்ட செய்தி 1990களின் இறுதியிலேயே பதிவானது. அங்கே பிடிபடும் பாம்புகளில் அல்பினோக்களும், உடல் நெடுக நீளக்கோடு ஓடும் வளர்ப்பு வகைகளும் கலந்தே இருக்கின்றன. எந்தக் காக்கையும் அவற்றைத் தீர்த்துவிடவில்லை. அத்தீவுக்கே உரிய பெரும்பல்லி, பாம்பு புகுந்த இடங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே பூர்விகப் பாம்பே கிடையாது, எதிரிகளும் குறைவு, நம் கரையிலோ நாகமும் கீரியும் மயிலும் நிறைந்திருக்கின்றன என்று நீங்கள் மறுக்கலாம். அந்த வேறுபாடு உண்மையானதே என்பதால், அங்கு நடந்தது அப்படியே இங்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நிறம் வெளிறியதால் பாம்பு பிழைக்காது என்ற வாதம் அந்தத் தீவிலேயே பொய்த்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அது பொய்த்ததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இவை தம் நேரத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலும் கல்லிடுக்கிலும் கழிப்பவை. மறைவில் நிறத்துக்கு மதிப்பு குறைவு. நம் ஊர்களில் அடுக்கி வைத்த பனையோலை, கைவிட்ட வலைக்குவியல், பவளக்கல் சுவர், தென்னந்தோப்பு மட்டைக் குவியல் என்று ஒளிவதற்கு இடமா இல்லை? ஹோண்டுரன் வகை வெப்பமான தாழ்நிலங்களைச் சேர்ந்தது ஆதலால் நம் வெயில் அதற்கு முற்றிலும் அந்நியமானதன்று. பல்லி, அரணை, ஓணான், எலி, பறவை முட்டை, பிற பாம்புகள் என எதையும் அது தின்னும்.

நம் நீரில் பெருகாது, நம் மண்ணில் தங்காது என்ற உறுதிமொழிகளை நம்புவதற்கு இம்மாவட்டத்தார்க்கு உரிமையே இல்லை. வானம் பார்த்த பூமிக்கு விறகாகுமென்று வந்த சீமைக் கருவேலம் கண்மாய்களை என்ன செய்தது என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். மண்டபம் பக்கம் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, உடைந்த துண்டுகளாகவே பரவிக் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களை மூடத் தொடங்கியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் நம் கண்ணெதிரே கிடக்கின்றன. படகில் ஏறும் கூடையும் வலையும் எதைச் சுமந்து செல்கின்றன என்று யாரும் உதறிப் பார்ப்பதில்லை.

மனிதருக்கு வரக்கூடிய ஆபத்து ஒன்றும் இதில் உண்டு. வளையமிட்ட பாம்பைக் கையில் வாங்கி விளையாடிப் பழகிய சிறுவன், இரவில் திண்ணையோரம் வரும் கட்டுவிரியனையோ கரைவலையில் மீனோடு ஏறிவரும் கடற்பாம்பையோ கண்டு தயங்குவானா? கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கண்ணிமை தொங்கி மூச்சுத் திணறும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மில்க் ஸ்நேக் அப்பட்டியலில் இல்லை என்று உங்களில் சிலர் நிம்மதி அடைவதை அறிவேன். உரிமமும் நோய்த்தடுப்புச் சோதனையும் இன்றிப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தது எதுவாயினும் கடத்தலே; அதோடு, ஊடுருவும் அயல் இனங்களை வைத்திருப்பதையே தடைசெய்யும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 62ஏ பிரிவு ஒன்றிய அரசுக்குத் தந்திருக்கிறது. ஒரு பாம்பு வயலில் பிடிபட்டு அந்த அறிவிக்கை வரும்வரை காத்திருப்பது உங்களுக்கும் நல்லதன்று.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவே. இக்கரையில் இனப்பெருக்கம் செய்யாதீர்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்காதீர்கள். எதிர்பாராமல் முட்டையிட்டால் உடனே உறையவைத்து அழித்துவிடுங்கள். மெல்லிய குட்டி, மூடியின் சிறு இடுக்கிலும் நுழைந்துவிடும் என்பதை நீங்களே என்னைவிட நன்கு அறிவீர்கள். பூட்டில்லாத பெட்டியில் எந்தப் பாம்பையும் வைக்காதீர்கள். வளர்க்க இயலாமற்போனால் மணல்மேட்டிலோ கோயில் காட்டிலோ விடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு பாம்பின் படத்தையும், தாய் தந்தை நிறத்தையும், அது சுமக்கும் மறைந்த மரபணுவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளை வளையமிட்ட குட்டியொன்று தோப்பில் பிடிபட்டால் அது எந்த வீட்டு அல்பினோவின் வழி வந்தது என்று கண்டறிய அந்தக் குறிப்பேடு உதவும். பாம்பு தப்பிவிட்டால் அன்றே வனத்துறைக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஏச்சுக்கும் வழக்குக்கும் அஞ்சி நீங்கள் மறைக்கும் அந்த ஓரிரு வாரங்களில்தான் அதைப் பிடிக்கும் வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

இப்படிக்கு,
விலங்கியல் கற்பிக்கும் உங்கள் ஊர்க்காரர்,
கீழக்கரை.